வாயைத் திறந்து சொல்லச் சொன்னவர்

சிஸ்டருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது “பாக்கலாம்” என்பதுதான். யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார். “எத பாக்கலாம்? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. ஏன் முடியாதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. நான் பாட்டுக்குப் போய்க்கினே இருக்கேன்” என்பார். குரலை உயர்த்த மாட்டார். பதில் வரும்வரை நகரவும் மாட்டார். ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரி டாக்டர், சர்ச் ஃபாதர் என்று அவரிடம் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் பலர்.

காஞ்சிபுரத்தில் இப்படிக் கேட்பது சாதாரண காரியம் இல்லை. எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர்போன ஊர். முகத்துக்கு நேராக யாரும் யாரையும் மறுத்துப் பேச மாட்டார்கள். கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டவரைத் தெருவில் பார்த்தால்கூட, “வீட்டுப் பக்கமே வர்றதில்லையே” என்று குறைபட்டுக்கொள்வார்கள். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது. அது ஒரு மனுஷியை என்ன பாடு படுத்தும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். அப்பா காலமான பிறகு, மாகறலில் இருந்த கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவும் நானும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். அவர் பட்டு வியாபாரி. பின்கட்டில் இரண்டு போர்ஷன், நடுவில் முற்றம், முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. எங்களுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த போர்ஷனுக்குத்தான் சிஸ்டர் குடிவந்தார்.

கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ். கிறிஸ்தவர். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அதற்கு முன்னால் மூன்று வருடம் ஜெர்மனியில் ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அந்த நகரத்தின் பெயரை அவர் சொல்வது, தொண்டையில் முள் சிக்கியவர் செருமுவதுபோல இருக்கும். எனக்கு ஒருநாளும் அது வாயில் நுழையவில்லை. என்னைவிடச் சில வயது பெரியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல கறுப்பு, நல்ல உயரம். வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் வருவார். அங்கே கற்றுக்கொண்டதாம். என்னை “டெலிபோன்” என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் ஊரெல்லாம் வீடு தேடி அலைந்திருக்கிறார். எல்லா இடத்திலும் மோர் கொடுத்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்திருக்கிறார்கள். பிறகு “பாத்து சொல்லி அனுப்பறோம்மா” என்று சிரித்த முகமாக வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஜெர்மனி என்ற சொல்லைக் கேட்டதுமே மயங்கிவிட்டார். “சொந்த ஊரு?” என்று கேட்டாராம். “முசரவாக்கம்” என்றாராம் சிஸ்டர். “ஓ, நம்ம பக்கந்தான்” என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். சிஸ்டர் எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும். அதுவரை ஒரு கம்பவுண்டர் வந்து போட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்ட இடமெல்லாம் கட்டிக்கொள்ளும். சிஸ்டர் வந்த பிறகு அந்தக் கஷ்டம் போயிற்று. காலையில் ஊசியையும் சிரிஞ்சையும் வெந்நீரில் கொதிக்கவைத்து, எவர்சில்வர் பெட்டியில் எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போவார். நடுக்கூடத்தில், சாமி படங்களுக்கு எதிரில், நாற்காலியில் வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “ஜெர்மனி கை. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா காபி கொடுக்காமல் சிஸ்டரை அனுப்பமாட்டார்.

சாயங்காலங்களில் சிஸ்டர் எங்கள் வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து ஜெர்மனிக் கதை சொல்லுவார். கதை என்றால் பனி, கோட்டு, ரயில் இதெல்லாம் இல்லை. அவருடைய கதைகள் எல்லாமே யாரோ யாரிடமோ நேருக்கு நேர் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

அங்கே போன புதிதில் ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து வெளியே ஒரு அறை தேடியிருக்கிறார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் ஒரு அம்மாள் திறந்து, இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வெளிநாட்டுக்காரங்களுக்கு நான் குடுக்கறதில்ல” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

“அழுகையா வந்துடுச்சு டெலிபோன். ரோட்டுலயே நின்னு அழுதேன். அப்புறம் கண்ண தொடச்சிக்கினு அடுத்த வீட்டத் தட்டினேன். அங்க ஒரு கெழவி குடுத்துட்டா. எந்தக் கதவு இல்லன்னு தெரிஞ்சிபோச்சு பாரு, அதனால எனுக்கு நேரம் மிச்சம்” என்பார்.

அந்தக் கிழவி வீட்டு மாடிப்படியைக் குடியிருப்பவர்கள் முறைவைத்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் இவர் மறந்துவிட்டார். கீழ்வீட்டுப் பெண் காலையிலேயே வந்து, “உன் முறை, நீ கழுவல, இது அசிங்கம்” என்று படபடவென்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவருக்கு நாளெல்லாம் மனசு சரியில்லை. இனிமேல் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது என்று தவித்திருக்கிறார். சாயங்காலம் அதே பெண் ஒரு தட்டில் கேக்கோடு வந்து நிற்கிறாள்.

“காலைல சண்ட, சாயங்காலம் கேக்கு. எனுக்கு ஒண்ணும் புரியல. அப்பாலதான் தெரிஞ்சிது. அவளுக்குச் சொன்னதோட முடிஞ்சிபோச்சு. நாந்தான் உள்ள வச்சிக்கினு வெந்துக்கினு இருந்திருக்கேன்.”

வார்டில் ஒரு கிழவர். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர். “அந்தக் கறுப்புக் கை என்னைத் தொடக் கூடாது” என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். சிஸ்டருக்கு அதற்குள் பாஷை ஓரளவு வந்துவிட்டது. “சரி. ஈரத் துணியிலயே படுத்துக்கினு இரு. சாயங்காலம் வேற கை வரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தலைமை நர்ஸ் வந்து விசாரித்துவிட்டுக் கிழவரிடம், “இங்க நர்ஸ் இவங்கதான். வேண்டாம்னா வீட்டுக்குப் போங்க” என்றாளாம். மத்தியானத்துக்குள் கிழவர் கூப்பிட்டுவிட்டார். வாரக் கடைசியில் பேரன் படத்தை எடுத்துக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டார்.

அதற்காக அந்த ஊரை அவர் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. அந்த ஊர் மேல் இருந்த கோபமும் சின்னது இல்லை. சாகக் கிடந்த ஒரு பாட்டியம்மாவைப் பார்க்க மகன் வந்திருக்கிறான். வண்டி நிறுத்திய இடத்தில் நேரம் முடியப்போகிறது என்று சொல்லி, கையைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டான். “நான் தமிழ்லயே திட்டினேன். அவனுக்குப் புரியலன்னா எனுக்கு இன்னா. அந்தப் பாட்டி என் கையப் புடிச்சிக்கினுதான் செத்துப்போச்சு. என்னா ஊரு அது” என்பார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்ததையும் சொல்லியிருக்கிறார். “அங்க நெறத்தப் பாத்துட்டு உக்கார மாட்டான். இங்க ஊரக் கேட்டுட்டு எழுந்துபோவான். ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அங்க ஒரு தபா ஏன் உக்காரலன்னு கேட்டேன். பயமா இருக்குதுன்னு சொன்னான். இங்க கேட்டுப் பாரு, அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்னு சொல்லுவான்.”

நான் அப்போது இதையெல்லாம் சுவாரஸ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அவர் ஏன் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று யோசிக்கவில்லை. ஒருநாள் அவருடைய அம்மா வந்தார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எனக்கு அன்று மத்தியான ட்யூட்டி. தண்ணீர்க் குடத்தோடு வாசல் பக்கம் போனேன். தெருவில் ஒரு வயதான பெண்மணி தலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். கூடையில் வேர்க்கடலை. வீட்டுக்காரம்மா படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“யாரப் பாக்கணும்?”

“எம் பொண்ணுங்கம்மா. இங்க நர்சம்மா குடியிருக்குதே.”

“ஓ, சிஸ்டரோட அம்மாவா. முசரவாக்கத்துல எங்க?”

“காலனிங்கம்மா.”

வீட்டுக்காரம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஒரு துளி மாறவில்லை. “பொண்ணு ட்யூட்டிக்குப் போயிருக்குதே. வர்ற வரைக்கும் வெயில்ல நிக்காதம்மா. அதோ அந்த மரத்தடில நில்லு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எவ்வளவு அக்கறை பாருங்கள். வெயில் படக் கூடாதாம்.

நான் அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் போர்ஷனுக்கு வந்தேன். அவர் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். என் அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். அம்மா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நாங்கள் பல் தேய்க்கத் தண்ணீர் மொள்ளும் அலுமினிய டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். நான் அம்மாவை முறைத்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தன் அம்மாவைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு என் அம்மாவிடம் கேட்டார்.

“எனுக்கு டெய்லியும் எவர்சில்வர்ல காபி குடுக்கறீங்க. எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் இது?”

“அவசரத்துல கைக்குக் கெடச்சத எடுத்தேம்மா.”

“அது இல்லம்மா. கோவப்பட மாட்டேன். சொல்லுங்க.”

அவருடைய அம்மா, “வுடு கண்ணு, தண்ணி தண்ணிதானே” என்று கையைப் பிடித்து இழுத்தார். சிஸ்டர் நகரவில்லை. என் அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இன்னாத்த சொல்றது. நீ வெள்ளப் பொடவயும் கடியாரமுமா வந்து நிக்கிற. உன்னப் பாத்தா ஒண்ணும் தோணல. உங்கம்மாவப் பாத்தா எங்க ஊரு களத்துமேட்டு ஆளுங்க ஞாபகம் வந்துடுச்சு. கை தன்னால அந்த டம்ளருக்குப் போச்சு. கேவலமாத்தான் இருக்குது, இப்ப வாயால சொல்றப்ப.”

சிஸ்டர் அந்த டம்ளரை வாங்கி மீதித் தண்ணீரைக் குடித்தார். மறுபடி குடத்திலிருந்து மொண்டு என் அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக் குடித்தார். முகம் சிவந்து கண் கலங்கியிருந்தது. ஆனால் குடித்தார். அதன் பிறகு சிஸ்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா மேல் எனக்கு வந்த கோபம்தான் ஆற நாளாயிற்று.

முன்கட்டில் நடந்தது வேறு. அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நடுக்கூடத்தில் இருந்த நாற்காலி முன்ஹாலுக்கு வந்திருந்தது. “இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்குது சிஸ்டர்” என்றார் வீட்டுக்காரர். அடுத்த வாரம் நாற்காலி இன்னும் நகர்ந்து வாசல் நடைக்கு வந்துவிட்டது. “இங்கதான் காத்து வருது.” காபி நின்றது. “பால்காரன் சரியா வர்றதில்ல.” வீட்டுக்காரம்மா ஒருநாள் கிணற்றடிக்கு வந்து, வெல்லம்போலப் பேசினார்.

“நீ ட்யூட்டிக்கு ஓடறவ. உனுக்கு எதுக்கும்மா தண்ணி சேந்தற வேல? நம்ம வேலக்காரி ரெண்டு குடம் சேந்தி உன் வாசல்ல வச்சிடுவா. நீ கெணத்தடிக்கே வர வாணாம்.”

“எனுக்குக் கை நல்லாத்தான் இருக்குது. நான் ஏன் சேந்தக் கூடாது? அத சொல்லுங்க.”

“உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்.”

“என் நல்லது எனுக்குத் தெரியும். காரணத்தச் சொல்லுங்க.”

வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் கிணற்றுக் கயிற்றைக் காணோம். இத்துப்போய்விட்டதாம். சிஸ்டர் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்து மாட்டினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “இவ்ளோ பண்றாங்க, நீங்க தெனம் போய் ஊசி போட்டுக்கினு இருக்கீங்க. மாட்டேன்னு சொல்லுங்க சிஸ்டர். அந்தக் கம்பவுண்டர் கிட்டயே குத்திக்கட்டும்” என்றேன்.

“நான் ஊசி போடலன்னா அவங்களுக்கு ஒரு காரணம் கெடச்சிடும் டெலிபோன். நர்சு திமிரு புடிச்சவ, அதனால காலி பண்ணச் சொன்னோம்னு ஊரெல்லாம் சொல்லிடுவாங்க. நான் ஏன் காரணம் செஞ்சி குடுக்கணும்? இருக்கற காரணத்த அவங்க சொல்லட்டும்.”

வைகாசி வந்தது. ஒருநாள் காலை ஊசி போட்டு முடித்ததும் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கருட சேவைக்கு வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வருகிறார்களாம். தங்க இடம் வேண்டுமாம். போர்ஷனைக் காலிசெய்து தரவேண்டுமாம்.

“சாமி பாக்க வர்றவங்க மறுநாளே போயிடுவாங்களே. அவங்க இருக்கற வரைக்கும் நான் டெலிபோன் வீட்ல படுத்துக்கறேன்” என்றார் சிஸ்டர்.

“அதுக்கில்லம்மா...”

“எதுக்கோ அத சொல்லுங்க. நான் தகராறு பண்ண மாட்டேன். ஏன் காலி பண்ணணும்னு உண்மையச் சொல்லுங்க, அன்னிக்கே போயிடறேன்.”

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். கருட சேவை வந்தது. ஊரே ஜனக்கடலாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு விருந்தாளியும் வரவில்லை. பிறகு ஓடு மாற்ற வேண்டும் என்றார்கள். பிறகு, தறி போடப் போகிறோம் என்றார்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு பணிவாகச் சொன்னார்கள் தெரியுமா. நான் எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் மனிதர்கள் பேசுவதைக் கேட்பவள். பணிவான குரலைப்போல எனக்கு எரிச்சலூட்டுவது எதுவும் இல்லை என்று ஆனது அந்த மாதங்களில்தான். எதிரில் இருப்பவன் திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர்கள் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்டுக்கொண்டே கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள்.

கடைசியில் வாயைத் திறந்தது வீட்டுக்காரம்மாதான். அவர்கள் வீட்டில் ஏதோ விசேஷம். விடியலில் குளித்து மடியாகத் தண்ணீர் எடுக்க வந்திருக்கிறார். சிஸ்டர் அப்போதுதான் வாளியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா குடத்தைத் தரையில் டொக்கென்று வைத்தார். குரல் உடைந்து கத்தினார்.

“எவ்ளோ பதமா சொல்றது? சேரிப் பொம்பள கை வச்ச கெணத்துல எடுத்து நான் எப்படி சாமிக்கு வைக்கிறது? உங்கம்மா காலனின்னு தெரிஞ்ச அன்னிக்கே நீ போயிருக்கணும். ஜெர்மனி போனா எல்லாம் மாறிடுமா?”

நானும் அம்மாவும் வாசலுக்கு ஓடிவந்தோம். முன்கட்டிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சிஸ்டர் வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தார். கயிற்றைச் சுருட்டினார்.

“இதத்தாம்மா இத்தினி நாளா கேட்டுக்கினு இருந்தேன்” என்றார்.

அன்றைக்கே சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. “இவ்ளோ நாள் நின்னுட்டு இப்பப் போறீங்களே. அவங்க ஜெயிச்ச மாதிரிதானே?” என்று கேட்டேன்.

“சொன்னா போறேன்னு சொல்லியிருந்தேன். சொல்லிட்டாங்க.”

“சொன்னதும் மனசு சரியாயிடுச்சா? ஜெர்மனில ஆன மாதிரி?”

பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

“இல்ல டெலிபோன். நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். சொல்லிட்டா பாரம் எறங்கிடும்னு. அங்க அந்தப் பொம்பள கதவச் சாத்தினப்ப அழுதேன், அடுத்த தெருவுக்குப் போனேன், சரியாப்போச்சு. அது அவ ஊரு. எனுக்கு இன்னா வந்துச்சு. இது என் ஊரு.” அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரங்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சுற்றிவைத்தார்.

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு ஜைனக் குடும்பத்தில் இடம் கிடைத்தது. கூட வேலை பார்க்கும் ஆயா ஒருத்தி சொல்லி அனுப்பியது. சாமான் இறக்க நானும் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மாள் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார். “மீன், கவுச்சி, கருவாடு எதுவும் ஆவாது. வாசனை வந்தாலே காலி பண்ணச் சொல்லிடுவேன். சம்மதம்னா இரு. வேற ஒண்ணும் எனக்குக் கேக்கறதுக்கு இல்ல.” சிஸ்டருக்குக் கருவாடு என்றால் உயிர். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். “மூணு வருஷம் அங்க கருவாடு இல்லாம அழுதேன். இப்ப இங்கயுமா” என்று சொல்லிக்கொண்டே பெட்டியை உள்ளே தூக்கிப்போனார்.

அங்கே ஒன்றரை வருடம்போல இருந்தார். பிறகு மறுபடியும் ஜெர்மனிக்கே போய்விட்டார். திரும்பவில்லை. இரண்டு ஊரையும் சரிசமமாகத் திட்டத் தெரிந்த ஒரு மனுஷியை ஒரே ஊர்ப் பக்கம் தள்ளிவிட்டது இந்தக் காஞ்சிபுரம். கோயில்களைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று பெருமையடித்துக்கொள்கிற ஊர்.

சிஸ்டர் எங்கள் பின்கட்டைக் காலிசெய்த மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் நடையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி யார் ஊசி போடுவது என்று முன்கட்டில் விடியலிலிருந்தே பேச்சு. வழக்கமான நேரத்துக்குத் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. சிஸ்டர் இறங்கி, வண்டியை ஸ்டாண்ட் போட்டார். படி ஏறவில்லை.

“ஐயா, வெளிய வாங்க.”

“உள்ள வாம்மா” என்றார் வீட்டுக்காரர்.

“நான் உள்ள வந்தா சாமிக்கு ஆவாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. நீங்க வெளிய வாங்க. ஊசி நேரத்துக்குப் போடணும்.”

அவருக்கு வேறு வழி இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். காலை நேரத்தில் எங்கள் தெருவில் பாவு விரித்திருப்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன், பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, ஆணும் பெண்ணுமாக இரண்டு பக்கமும் நின்று சிக்கெடுத்துச் சீர்செய்வார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் அவர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“இன்னா சிஸ்டர், தெருவுல ஊசி?” என்று ஒருவர் கேட்டார்.

“ஐயாவக் கேளுங்க. காரணம் அவருக்குத்தான் தெரியும்.”

“காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்” என்றார் வீட்டுக்காரர்.

சிஸ்டர் இதற்குச் சம்பளம் எதுவும் வாங்கவில்லை. தினமும் வந்தார். தினமும் யாராவது கேட்டார்கள். தினமும் ஐயாவைக் கை காட்டினார். மழை பெய்தபோது குடை பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார். வீட்டுக்காரர் தாழ்வாரத்து ஓரத்திலிருந்து கையை மட்டும் வெளியே நீட்டினார். வீட்டுக்காரம்மா வாசல் பக்கம் தலைகாட்டுவதையே விட்டுவிட்டார். எனக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. போகப்போக அந்த மனிதரைப் பார்க்கக் கஷ்டமாகவும் இருந்தது. ஆனால் பரிதாபம் வரும்போதெல்லாம் அந்த மரத்தடியை நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பாவு சீர்செய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி விடாமல் கேட்டாள். “மழைக்கும் வெயிலுக்கும் இப்படி நிக்குதே அந்தப் பொண்ணு, உள்ள கூட்டுக்கினு போய்ப் போட்டுக்கலாம்ல? காத்து காத்துன்னு எத்தினி நாளைக்குச் சொல்லுவீங்க?”

ஊசி அவர் கையில் இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “அவுங்க காலனிக்காரங்க. எங்க வீட்டுக்கு ஆவாதுன்னு பொம்பளைங்க சொல்லிட்டாங்க. நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். அதான் காரணம். போதுமா?”

இழையில் இருந்த கைகள் நின்றன. சிஸ்டர் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினார். “கைய மடக்கி வச்சிக்கோங்க” என்றார்.

“சொல்லிட்டேம்மா. எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன். நாளைலேர்ந்து உள்ள வா.”

“ஏன் வரணும்?”

“ஏன்னா... ஊசி போடத்தான்.”

“அது இங்கயே போட்டாச்சே” என்றார் சிஸ்டர்.

பெட்டியை மூடிக் கூடையில் வைத்தார். பாவு விரித்திருந்ததால் தெருவுக்குக் குறுக்கே போக வழியில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவின் கடைசி வரைக்கும் நடந்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மடக்கிய கையோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் ஆகியும், அவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போக அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.